எதிர்ப்புச் சக்திச் சிகிச்சை பெறும் முதியோரும் "வெறும் சளி"யும்



2025-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையின்போது, சிலியாவ் வட்டாரத்தில் ஒரு நிக்காஹ் வைபவத்திற்கு நாம் போயிருந்தோம். அந்த வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும் வாசலில் நின்று, வந்தவரையெல்லாம் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் பெரியவர் ஒருவரை அன்று காணோம். நாற்பதாண்டு காலம் தோட்டத்துக் கடை நடத்தியவர் அவர். பால்மரம் வெட்டியவர்களின் பற்றுக் கணக்கைக் குறிப்பேட்டைப் புரட்டாமலே சொல்லக் கூடியவர். வயது 72. விசாரித்ததில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். "பழைய நோய்தானா?" என்று கேட்டோம். "இல்லை பாய், மாமாவுக்கு வெறும் சளிதான். அதற்குப் போய் இப்படி ஆகிவிட்டது" என்றார் அவருடைய மருமகன்.

அந்த "வெறும் சளி" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இம்மாதப் பாடத்தில் எழுதத் துணிந்தோம். நாம் வைத்தியரல்ல. விஷயம் தெரிந்த டாக்டர்களைக் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை நம் வியாபாரப் பெருமக்களுக்குப் புரியும் விதத்தில் எடுத்துச் சொல்வதே நோக்கம். நம்மில் அநேகர் வீடுகளில் இன்று அறுபது, எழுபது கடந்த பெரியவர்கள் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார்கள். அதிலும் புதுமுறைச் சிகிச்சையொன்று வந்திருக்கிறது. அதன் பெயரைப் பலர் சொல்லக் கேட்டிருந்தாலும், அதன் தன்மையைச் சரியாக அறிந்தவர் சிலரே.

முதலில் அந்தச் சிகிச்சை யாதென்று பார்ப்போம். இம்யூனோதெரப்பி என்று டாக்டர்கள் சொல்வது, எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றை அடக்கும் முறை. நம் கடைவாசலில் ஜாகா ஒருவன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். திருடன் வந்தால் பிடிப்பது அவன் வேலை. ஆனால் முதலாளியின் மைத்துனரைப் பிடித்து அடித்துவிடக் கூடாதல்லவா? அதற்காக, "இவர் வீட்டு மனிதர், கையை எடு" என்று சொல்லும் ஓர் அடையாளமும் உண்டு. நம் இரத்தத்திலுள்ள 'டி' அணுக்கள் என்னும் காவற்காரர்களுக்கும் இத்தகைய தடை, அதாவது பிரேக், இறைவன் படைப்பிலேயே இருக்கிறது. புற்று என்ன செய்கிறதென்றால், அந்த வீட்டு மனிதரின் அடையாளத்தைக் காட்டி, பிரேக்கை அழுத்திவிட்டு, சாவகாசமாக உள்ளே வளர்கிறது. புது மருந்துகள் புற்றைக் கொல்வதில்லை. பிரேக்கின்மேல் இருக்கும் கையைத் தட்டிவிடுகின்றன. காவற்காரன் பிறகு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறான்.

இந்தத் தடைகளை அறிந்து, அவற்றை நீக்கும் வழியைக் கண்டதற்காக அமெரிக்கரான ஜேம்ஸ் அல்லிசன், ஜப்பானியரான தசுக்கு ஹொஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. இபிலிமுமாப் என்ற மருந்து 2011-இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்பவை 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிறகு உலகெங்கும் பரவின. பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும். மருந்துக்குத் தக்கபடி இரண்டு, மூன்று, நான்கு அல்லது ஆறு வாரத்திற்கொரு முறை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். தனியாரிடத்தில் ஒரு தடவைக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும். நாம் சொன்ன பெரியவருக்குச் சுவாசப்பையில் புற்று. இளமையில் தொடங்கிய சிகரெட் பழக்கம். கோலாலம்பூரில் மூன்று வாரத்திற்கொரு முறை ஏற்றிக்கொண்டு, பசி எடுத்து, நடமாடவும் தொடங்கியிருந்தார்.

இங்கேதான் இரண்டு விதமான தப்பபிப்பிராயம் உண்டாகிறது. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற மருந்தாயிற்றே, சளிகிளியெல்லாம் அண்டாது" என்பது ஒன்று. "புற்றுநோய்க்காரருக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது, ஊசி மருந்தை நிறுத்தினால்தான் பிழைப்பார்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. பழைய கீமோ மருந்துகள் வெள்ளை அணுக்களையே குறைத்துவிடும். இந்தப் புது மருந்து தனியாகக் கொடுக்கப்பட்டால் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. 2020-இல் கொவிட் பரவியபோது பல நாட்டு டாக்டர்கள் தங்கள் புற்றுநோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதுமை, புகைப்பழக்கம், தேகத் தளர்ச்சி, புற்று அடங்காதிருத்தல் ஆகியவையே மரணத்தை அதிகப்படுத்தியதாகத் தெரிந்தது. எதிர்ப்புச் சக்திச் சிகிச்சை மாத்திரம் ஆபத்தைக் கூட்டியதாக உறுதிப்படவில்லை. ஆகவே பயந்துகொண்டு சிகிச்சையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? முதுமையிலேயே ஒரு பங்கு இருக்கிறது. வயது ஏற ஏறப் புதுக் கிருமியை அடையாளங்கண்டு எதிர்க்கும் வேகம் குறைகிறது. சுவாசப்பை ஏற்கெனவே புகையாலும், புற்றாலும், சிலருக்கு ஒளிக்கதிர்ச் சிகிச்சையாலும் பழுதுபட்டிருக்கிறது. பலருக்குப் புது மருந்தோடு கீமோவும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. இவையெல்லாவற்றையும்விட நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. அதை நாம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரேக் இல்லாத காவற்காரன் சில சமயம் வீட்டாரையே அடித்துவிடுவான். இம்மருந்தால் குடல், ஈரல், தைராய்டு, தோல் என எந்த உறுப்பிலும் அழற்சி உண்டாகலாம். சுவாசப்பையில் உண்டானால் அதற்கு நியூமோனைட்டிஸ் என்று பெயர். ஒரே மருந்தை மட்டும் பெறுவோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இது வரலாம். அதன் அடையாளம் என்ன? இருமல், மூச்சு வாங்குதல், சில வேளை காய்ச்சல். இன்புளுயன்சாவின் அடையாளம் என்ன? அதே இருமல், அதே மூச்சு வாங்குதல், அதே காய்ச்சல். ஆர்.எஸ்.வி., மெட்டாநியூமோ, கொவிட் ஆகிய வைரஸ்களும் அப்படித்தான். ஸ்கேன் எடுத்தாலும் இரு சுவாசப்பையிலும் வெண்படலம் தெரியும். ஒன்றையொன்று பிரித்தறிவது நிபுணருக்கே சிரமம். ஆனால் வைத்தியமோ வெவ்வேறு. மருந்தின் அழற்சியானால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்க வேண்டும். இன்புளுயன்சாவானால் ஸ்டீராய்டு தீங்கு செய்யக் கூடும். வைரஸை அடக்கும் மாத்திரையைக் காலாகாலத்தில் கொடுக்க வேண்டும். கொவிட் முற்றிப் பிராணவாயு தேவைப்படும் கட்டத்தில் ஸ்டீராய்டு உயிர் காக்கும். அதுவும் டாக்டர் அளந்து கொடுத்தால். ஆக, இன்ன நோய் என்று பெயர் தெரிவதற்கு முன் எதையாவது விழுங்கி வைப்பது, எதிரி யாரென்று தெரியாமல் இருட்டில் கத்தி வீசுவதற்கு ஒப்பாகும்.

நோயின் பெயர் தெரியாததால் வரும் கேட்டை நம் நெகிரி செம்பிலானுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1998 இறுதியில், ஈப்போ பக்கம் முதலில் தோன்றிய மூளைக்காய்ச்சல் ஒன்று போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா கிராமங்களுக்கு வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிப் பண்ணையில் வேலை செய்த வாலிபர்களும் நடுவயதினருமே அதிகமாக விழ, அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் நோய் தென்படவில்லை. கொசுவானால் இந்த வித்தியாசம் பார்க்குமா? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை விளங்கியது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்த அதற்கு அக்கிராமத்தின் பெயரையே வைத்து 'நிப்பா' என்றார்கள். பன்றிகளுக்கு அது பெரும் இருமல் நோயாகவே கண்டிருந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டார்கள். சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. இருமலுக்குச் சரியான பெயர் வைப்பதற்குள் சில மாதங்கள் போய்விட்டன.

அதற்கும் எண்பதாண்டு முன், 1918 அக்டோபரில், உலக இன்புளுயன்சா மலாயாவுக்குள் வந்தபோது மிகுந்த அடி வாங்கியவை தோட்டங்களே. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயங்களில், ஓர் அறையில் பலர் படுத்துறங்கிய காலம் அது. மலாயா முழுவதிலும் சுமார் 40,000 பேர் இறந்திருக்கலாமென ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகிறார்கள். தாய்நாட்டிலோ ஒரு கோடிக்கும் மேல். அக்காய்ச்சலில் வாலிபர்களே மிகுதியாக மடிந்தனர். எதிர்ப்புச் சக்தி மிஞ்சிப் போய்த் தம் சுவாசப்பையையே தாக்கியது ஒரு காரணமாக இருக்கலாமென்று கருதுவோர் உண்டு. வைரஸ் திறந்துவிட்ட கதவின் வழியே பாக்டீரியாக் கிருமி புகுந்து நியூமோனியா கண்டு இறந்தோரும் ஏராளம். அந்நாளில் அதற்கு மருந்தில்லை.

இப்பொழுது லயங்கள் பெரும்பாலும் இல்லை. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களும் உண்டு. தோட்ட வேலையில் இருப்பவர் அநேகர் அந்நிய நாட்டவர். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த நம் மக்களோ ரந்தாவ், லாபு, பகாவ் போன்ற இடங்களில் பிள்ளைகளோடு தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். முன்பு இருமினால் பத்தடியில் தோட்டத்து டிரெஸ்ஸர் இருந்தார். அவருடைய கலவை மருந்தைக் கேலி செய்தவர்கள் நாம்தான் என்றாலும், யாருக்கு என்ன நோய் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? நாம் இருக்கிறோம். இருமல் வந்தால் முதலில் நம் கடைக்குத்தான் வருகிறார்கள்.

பெரியவரின் கதைக்குத் திரும்புவோம். தலைநகரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் இருமிக்கொண்டே வந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நாடெங்கும் பள்ளிகளில் இன்புளுயன்சா பரவி, 6,000 மாணவர் அளவில் நோய் கண்டு, சில பள்ளிகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் இந்நோய்க்குக் குளிர்காலம் வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் உண்டு. வெள்ளிக்கிழமை பெரியவருக்கு இருமல் வந்தது. ஜும்ஆவுக்குப் போய் வந்தார். சனிக்கிழமை ஒரு பொட்டலம் ஜாமு வாங்கிக் கொடுத்தார்கள். என்ன ஆச்சரியம்! ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். "நல்ல மருந்து" என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். புதன்கிழமை பொட்டலம் தீர்ந்தது. வியாழன் இரவு ஒன்றரை மணிக்கு, உட்கார்ந்தால்தான் மூச்சு என்ற நிலை. ஆஸ்பத்திரியில் மூக்குச் சளியைச் சோதித்ததில் இன்புளுயன்சா 'ஏ' எனத் தெரிந்தது. ஆயினும் ஸ்கேனைப் பார்த்த டாக்டர்களுக்கு, இது வைரஸ் மட்டுமா, மருந்தின் அழற்சியும் கூடவா என்ற ஐயம் எழுந்தது. "வேறு ஏதாவது சாப்பிட்டாரா?" என்று இரண்டு நாள் கேட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டார் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

அந்தப் பொட்டலத்தில் பதிவெண் கிடையாது. அதில் என்ன இருந்ததென்று நாம் சோதித்துப் பார்க்கவில்லை; ஆனால் ஒரே இரவில் வலியும் காய்ச்சலும் பறந்து, பசி பொங்கும் ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்குமே தவிர, வைரஸைத் தடுக்காது. அது பெருக இடங்கொடுக்கும். காவற்காரனைத் தூங்கவைத்துப் புற்று மருந்தின் பலனையும் குறைக்கக் கூடும். நாள்பட உண்டவர் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்குவதும் உண்டு. இதில் நமக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி வேறு: அந்தப் பொட்டலம் வாங்கப்பட்டது நம்மவர் ஒருவருடைய கடையில். அவர் கெட்ட எண்ணத்தால் விற்கவில்லை. வேனில் வந்த ஆள் வைத்துவிட்டுப் போனான். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நம் நாட்டில் விற்கப்படும் மருந்துப் பொருள், நாட்டு மருந்தாயினும், பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட எண் அட்டையில் இருக்கும். நாட்டு மருந்தானால் இறுதி எழுத்து 'டி'. மின்னும் பாதுகாப்பு முத்திரையும் ஒட்டியிருக்கும். இவையின்றி விற்றால், 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ், தனிநபருக்கு முதற்குற்றத்திற்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பொட்டலத்திற்கு இரண்டு வெள்ளி லாபம் கிடைக்கும் சரக்கு இது!

இனி, தடுப்பு விஷயம். இன்புளுயன்சாவுக்கு ஆண்டுதோறும் போடும் ஊசி, உயிரற்ற கிருமியால் செய்யப்பட்டது. எதிர்ப்புச் சக்திச் சிகிச்சை பெறுவோரும் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளவும் வேண்டும் என்பதே புற்றுநோய் நிபுணர்களின் கருத்து. சிகிச்சை தொடங்கும் முன் இரண்டு வாரமாவது இருந்தால் உத்தமம், தொடங்கிவிட்டாலும் குற்றமில்லை. கொவிட் ஊசியும், நியூமோனியாக் கிருமிக்கான ஊசியும், 2023 முதல் உலகில் வந்திருக்கும் முதியோருக்கான ஆர்.எஸ்.வி. ஊசியும் தமக்குப் பொருந்துமா என டாக்டரைக் கேட்க வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளைத் தவிர்ப்பதே வழக்கம். மூக்கில் தெளிக்கும் இன்புளுயன்சா மருந்து அவ்வகையைச் சேர்ந்தது. அதில் பன்றி ஜெலட்டின் சேர்ந்திருப்பதால் நம்மவர் சிலர் "தடுப்பு மருந்தே வேண்டாம்" என்கிறார்கள். தெளிப்பு மருந்து வேறு, ஊசி வேறு. ஐயமிருந்தால் இன்ன ஊசியில் என்ன சேர்ந்திருக்கிறதென்று கிளினிக்கிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொவிட் தடுப்பூசி ஆகுமானது என்று 2020 டிசம்பரில் நம் நாட்டு மார்க்க அறிஞர்கள் கூடி முடிவு சொன்னதும் நினைவிருக்கும். பெரியவருக்குப் போட்டால் மட்டும் போதாது. முதியோரின் உடம்பு தடுப்பூசிக்கும் மெதுவாகவே வேலை செய்யும். கூடவிருக்கும் பேரன், பேத்தி, கல்லாவில் இருக்கும் மகன், சமையல் செய்யும் மருமகள் எல்லாரும் போட்டுக்கொண்டால்தான் அவரைச் சுற்றி வேலி. ஹஜ், உம்ரா செல்வோருக்கு இன்புளுயன்சா ஊசியைச் சவூதி அதிகாரிகளே வற்புறுத்துகிறார்கள். இச்சிகிச்சை பெறுவோர் தாபோங் ஹாஜி மருத்துவச் சோதனையில் அதை மறைக்கலாகாது.

இருமல் வந்துவிட்டால்? காலத்தோடு ஓட்டப் பந்தயம் என்றுதான் கொள்ள வேண்டும். இன்புளுயன்சாவுக்கு ஒசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நிறைந்த பலன். கொவிட் மாத்திரையை ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும், அதுவும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின். ஆகவே "அடுத்த வாரம்தான் ஆஸ்பத்திரித் தேதி இருக்கிறதே" என்று காத்திருப்பது தகாது. வெப்பமானி 38 பாகை காட்டினால் அன்றே போக வேண்டும். ஆனால் முதியோருக்குக் காய்ச்சல் காணாமலேயே நோய் முற்றுவதுண்டு. சாப்பாட்டை ஒதுக்குவது, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாமல் தடுக்கி விழுவது, வழக்கமாய் ஏறும் படியில் நின்று மூச்சு வாங்குவது இவையெல்லாம் அடையாளங்களே. விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி மருந்துக்கடையில் கிடைக்கிறது. அது 95-க்குக் கீழே காட்டினால் விடியும் வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

எங்கே போவது? சிரம்பானில் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரி, கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரி, போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரி என எது பக்கமோ அங்கே முதலில் போகலாம். புற்றுச் சிகிச்சை புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்திலோ, கோலாலம்பூரிலோ நடந்தாலும், மூச்சு முட்டும்போது நெடுஞ்சாலையில் பயணம் செய்வது அறிவுடைமையாகாது. போனவுடன் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. "புற்றுநோய்" என்று மட்டும் சொன்னால் கீமோ என்று எண்ணிவிடுவார்கள். "எதிர்ப்புச் சக்திச் சிகிச்சை, இன்ன மருந்து, கடைசியாக ஏற்றியது இன்ன தேதி" என்று சொல்ல வேண்டும். மருந்தின் பெயரை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் அழற்சி தோன்றக் கூடுமாதலால், "அதெல்லாம் முடிந்துவிட்டது" என்று விட்டுவிடவும் கூடாது. ஜாமு, கசாயம், நண்பர் கொடுத்த மாத்திரை எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டாக்டர் கோபித்துக்கொள்வார்தான், கோபித்துக்கொள்ளட்டும்.

கடையில் செய்யக் கூடியது பெரிய காரியமல்ல. இருமும் பையனைக் கல்லாவிலிருந்து எடுத்துப் பின்கட்டில் வைப்பது, பெரியவர் உட்காரும் நாற்காலியைக் காற்றோட்டமான பக்கம் போடுவது, முகக்கவசத்தைக் கொவிட்டோடு போய்விட்ட பொருளாக எண்ணாமல் இரண்டு பெட்டி வைத்திருப்பது, இவ்வளவுதான். புகைமூட்டக் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1997, 2015, 2019 ஆண்டுகளில் பட்ட பாடு நாம் அறிந்ததே. பழுதுபட்ட சுவாசப்பைக்குப் புகையும் ஓர் அடிதான். விருந்து வைபவங்களில் பெரியவர்களைக் கைப்பிடித்து ஸலாம் சொல்லும் நம் வழக்கத்தை விடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இருமல் உள்ளவர் அன்று மட்டும் தூர நின்று சொல்லலாமே!

பெரியவர் 19 நாள் கழித்து வீடு திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். தள்ளிவைக்கப்பட்ட ஊசி மருந்தை இரண்டு மாதத்திற்குப் பின் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். கடைக்கு இன்னும் வரவில்லை. வீட்டு வாசல் வரை நடக்கிறார். சென்ற வாரம் பார்க்கப் போனபோது தலைமாட்டில் பழைய பற்றுக் குறிப்பேடு ஒன்று இருந்தது. கடன் பட்டியலா என்று கேட்டோம். மருமகன் எடுத்துக் காட்டினார். முதற் பக்கத்தில் மருந்தின் பெயர், ஏற்றிய தேதிகள், போட்ட தடுப்பூசிகள், டாக்டரின் தொலைபேசி எண், எல்லாம் பெரியவருடைய கையெழுத்திலேயே வரிசையாக இருந்தன. கடைசி வரியில், ஜாமுவுக்குக் கொடுத்த பதினெட்டு வெள்ளியையும் அவர் பற்று எழுதி வைத்திருந்தார்.